காற்று என்று எழுதினேன்

ஜனவரி 11

அன்புள்ள மாமாவுக்கு,

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபது நாள் ஓடிவிட்டது. திட்டிவிட்டுப் படியுங்கள்.

அறை கிடைத்துவிட்டது. கீழே டயர் கடை, மேலே நான். காலை எட்டு மணிக்கு அவர்கள் டயரைத் தட்டிக் கழற்றுகிற சத்தத்தில்தான் எழுந்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். அடுத்த அறையில் ஒரு தையல்கார அம்மா இருக்கிறார். படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். பேச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. கடைக்காரரிடம் "சோப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

கம்பெனி என்னை மாற்றிவிட்ட சோதனைத் திடல் ஊருக்கு வெளியே, கம்பெனி பஸ்ஸில் நாற்பது நிமிடம். ஓட்டுநர் வளைவில் கியர் போடுகிற அழகைப் பார்த்தால் நீங்கள் அவரை இறக்கிவிட்டு நீங்களே ஓட்டியிருப்பீர்கள். திடலில் வட்டமான இரும்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்து, ஒரு நிமிடம் எரியவிட்டு, மேலே நுரையை அடித்து மூடுவோம். எத்தனை விநாடியில் தீ அணைகிறது, அணைந்த பிறகு அந்த நுரைப் போர்வை எத்தனை நிமிடம் கிழியாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது என் வேலை. பற்றவைக்கிறவருக்குத் 'தீக்குச்சி' என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லி, பேச மாட்டார். எனக்குச் சரியான ஜோடி.

"நுரை நுரைதானே, அதுல என்னம்மா ஆராய்ச்சி?" என்று கிளம்பும்போது கேட்டீர்கள். அப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இப்போது சொல்கிறேன். முன்பெல்லாம் அடித்த பழைய நுரை தீயை நன்றாகவே அணைத்தது. ஆனால் அதிலிருந்த ரசாயனம் மக்கவே மக்காது. மண்ணில் இறங்கி, கிணற்றில் கலந்து, குடிப்பவர்கள் ரத்தத்தில் வருஷக்கணக்கில் தங்கிவிடும். அதை நிறுத்திவிட்டுத் தீங்கில்லாத நுரை ஒன்று செய்தோம். அதில் என்ன குறை என்றால், தண்ணீர் சீக்கிரம் வடிந்து நுரை இளைத்துப்போகும். இப்போது செய்வது மூன்றாவது. அதே தீங்கில்லாத நுரையில், மாவைவிட மெல்லிய மணல் துகள்களைச் சேர்க்கிறோம். அவை ஒவ்வொரு குமிழியையும் சுற்றி நெருக்கியடித்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் பஸ்ஸில் கூட்டம் நெருக்கி நிற்கும்போது பிரேக் போட்டாலும் யாரும் விழ மாட்டார்களே, அந்த மாதிரி. குமிழி உடையாது, தண்ணீர் வடியாது.

காது மிஷினுக்குப் பேட்டரி வாங்கிப் போட்டீர்களா? வருகிற ஏப்ரலோடு உங்கள் பிள்ளை போய் மூன்று வருஷம். தீயணைப்பு நிலையத்தில் நினைவுக் கூட்டம் வைப்பார்கள். இந்தத் தடவையாவது போய்வாருங்கள், மாமா.

உங்கள் மருமகள்


ஜனவரி 25

அம்மாடி,

உன் கடுதாசி வந்துது. பாதிக்கு மேல நுரை. நீ என்ன சாப்பிடுறே, உடம்பு எப்படி இருக்கு, ஒரு வரி இல்ல. அடுத்த தடவை சாப்பாட்டை முதல்ல எழுது, நுரையை அப்புறம் ஊத்து.

பஸ் கதை நல்லாப் புரிஞ்சுது. ஆனா ஒண்ணு. நெருக்கி நின்னா விழ மாட்டாங்க, சரி. பிரேக் போட்டவனை ஆளாளுக்குத் திட்டுவாங்க. உன் துகள் திட்டாதில்ல?

பேட்டரி போட்டாச்சு. போட்டதும் முதல்ல கேட்டது பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பத்திப் பேசினதுதான். கழட்டி வச்சுட்டேன். முப்பத்தோரு வருஷம் இஞ்சின் பக்கத்துல உட்கார்ந்தவனுக்கு இனிமே என்னத்தைக் கேட்டு என்ன ஆகப்போகுது. போன்ல நீ பேசினா டப்பாக்குள்ள வண்டு மாட்டின மாதிரி இருக்கு. எழுத்துதான் எனக்குச் சரிப்படுது.

பொழுது போகலைன்னா நான் ஓட்டின பஸ்லயே ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வர்றேன். இப்ப ஓட்டுறது ஒரு பொண்ணு. என்னை விட நல்லா ஓட்டுது. அதுகிட்ட சொல்லலை.

ஸ்டேஷன்லேருந்து கூட்டத்துக்குக் கடுதாசி வந்துடுச்சு. நான் போகலம்மா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? விசாரணைக் குழு என்ன எழுதுச்சு? "தலைமை தாங்கியவர் உரிய நேரத்திற்கு முன் உள்ளே சென்றார்." கூடப் போனவருக்கு இன்னிக்கும் கை மடங்க மாட்டேங்குது. அவரோட சம்சாரம் என்னைப் பார்த்தா என்ன நினைக்கும்? உன் புருஷன் சின்ன வயசுலேருந்தே அவசரக்குடுக்கை. பஸ் நிக்கறதுக்குள்ள குதிப்பான். எத்தனை தடவை அடிச்சிருக்கேன் தெரியுமா? நான் ஒரு உயிர் மேல வண்டியை இடிச்சதில்ல. என் பிள்ளை தன் உயிரையும் விட்டு, அடுத்தவன் கையையும் கெடுத்துட்டுப் போயிட்டான்.

விடு. மருந்து, மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறேன். நீ ஒழுங்கா எழுது.

மாமா


பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் சாப்பாடு. காலையில் ரொட்டி, மதியம் கம்பெனிச் சோறு, சாயங்காலம் மிச்சமிருந்தால் ரொட்டி. சமையல்காரி நான்தான், அதனால் குறை சொல்ல யாருமில்லை. போதுமா?

இந்த வாரம் எங்கள் புது நுரை முதல் முறையாகப் பத்து நிமிடத்தைத் தாண்டியது. தீ அணைந்து பத்து நிமிடமாவது நுரைப் போர்வை தாங்க வேண்டும் என்பது விதி. அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஆட்கள் உள்ளே போய், எண்ணெய் ஒழுகுகிற வால்வை மூடிவிட்டு வெளியே வருவார்கள். எங்களுடையது பதினைந்து நிமிடம் நின்றது. தீக்குச்சி வாய் திறந்து, "பரவால்லயே," என்றார். மேனேஜர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் டீயை நான் தீக்குச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் முயற்சியில் துகள்கள் பீப்பாயின் அடியில் தங்கிவிட்டன. அடுத்ததில் குழாய் முனை அடைத்துக்கொண்டது. துகளைப் போடுவது பெரிய வேலை இல்லை, மாமா. அது மாதக்கணக்கில் அடியில் படியாமல் இருக்கவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

ஒன்று கேட்கிறேன். அவரை அவசரக்குடுக்கை என்று எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்தில் அந்த வார்த்தையைப் படிக்க முடியவில்லை.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 20

அம்மாடி,

நான் பெத்த பிள்ளை. திட்டறதுக்குக் கூட எனக்கு உரிமை இல்லையா?

நீ பொண்டாட்டி, உனக்கு வலிக்கும். ஒத்துக்கறேன். ஆனா எனக்கு எப்படி இருக்குன்னு நீ யோசிச்சியா? போன வாரம் முடிவெட்டப் போனேன். மிஷினைப் போட்டுக்கிட்டுதான் போனேன். முடிவெட்டுறவர் என் தலையைப் பிடிச்சுக்கிட்டே பக்கத்து நாற்காலி ஆளுகிட்ட சொல்றார், "இவர் பையன்தான். கொஞ்சம் பொறுத்திருந்தா தப்பிச்சிருப்பான்." நான் கத்திரிக்குக் கீழ உட்கார்ந்திருக்கேன். எழுந்து எங்க போறது? பாதி வெட்டின தலையோட? "ஆமாங்க, அவன் அப்படித்தான்"னு சொல்லிட்டு வந்தேன்.

அவனோட சாமான் எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டேன். பார்த்தா அழுகை வரணும். எனக்குக் கோபம் வருது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் கோபப்படலாமான்னு எனக்கே தெரியலை.

நீ ஒருத்திதான் எனக்கு மிச்சம். உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா எங்க போய்ச் சொல்ல?

மாமா


மார்ச் 3

மாமா,

உங்கள் கடிதத்தை ஒரு வாரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். முடிவெட்டுகிற கடையில் நீங்கள் சொன்னீர்களே, "ஆமாங்க, அவன் அப்படித்தான்" என்று. அதைச் சொல்ல வைத்தவள் நான். இதை எழுதுவதற்கு மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன்.

அவர் போன அன்றைக்கு எண்ணெய்க் கிடங்குத் தீயில் அடித்தது நாங்கள் செய்த இரண்டாவது நுரை, துகள் இல்லாதது. அது எங்கள் கம்பெனி நுரை என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஐந்து முறை சோதித்தோம். நான்கு முறை பத்து நிமிடத்துக்கு மேல் நின்றது. மூன்றாவது சோதனையில் மட்டும் நான்கே நிமிடத்தில் நடுவில் பிளந்து, உள்ளிருந்து தீ மறுபடி பற்றிக்கொண்டது. அன்றைக்குத்தான் வெயில் அதிகம். இரும்புத் தொட்டி தொட முடியாதபடி கொதித்தது. கொடிக்கம்பத்தில் கட்டியிருந்த துணி அசையவே இல்லை. காற்று இல்லை, மாமா. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் தாளில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் நான் "காற்று. கணக்கில் சேர்க்கவில்லை" என்று எழுதினேன்.

யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. பழைய விஷ நுரையைச் சீக்கிரம் நிறுத்தவேண்டும், கிணறுகள் கெட்டுக்கொண்டிருக்கின்றன, ஒரு நாள் தவறியதற்காக எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா என்று நினைத்தேன். நல்லது செய்கிறோம் என்ற அவசரம். அவசரக்குடுக்கை நான்தான், மாமா. அவர் இல்லை.

அந்த ஏப்ரல் மாதமும் அதே வெயில். எண்ணெய்க் கிடங்கில் தீ அணைந்தது, நுரை மூடியது, வால்வை மூட அவர் உள்ளே போனார். நான்காவது நிமிடம் நுரை பிளந்தது. விசாரணைக் குழு என் அறிக்கையைப் பார்த்தது. நுரை பத்து நிமிடம் நிற்கும் என்று அதில் இருக்கிறது, அப்படியானால் நுரை முழுசாக மூடுவதற்கு முன்பே உள்ளே போனவருடையதுதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்கள். புருஷனை இழந்தவள் என்று எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகும் உங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 2

மாமா,

ஒரு மாதமாகிவிட்டது. டயர் கடைப் பையன்களுக்கு வரும் கடிதங்களும் என் கடிதங்களும் ஒரே பெட்டியில்தான் விழும். தினமும் அவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார்கள்.

திட்டியாவது எழுதுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மட்டுமாவது. பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கார், நேத்துகூட பஸ்ல போனார்" என்றார்கள். நான் கூப்பிட்டதை நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மருமகள்


ஏப்ரல் 25

கூட்டத்துக்கு நான் போகலை. வீட்டுலயும் இருக்க முடியலை.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம பதில் எழுது. அன்னிக்கு அவன் உள்ள போனது சரியா, தப்பா? படிச்சவ நீ. உன் கையால எழுது.


மே 12

மாமா,

சரி. அவர் உள்ளே போனது சரி.

விதிப்படி தீ அணைந்ததும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம். அவர் மூன்று நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நிலையக் குறிப்பேட்டில் நேரம் பதிவாகியிருக்கிறது; என் அறிக்கையை நம்பி, அதைத் தவறான பதிவு என்று குழு ஒதுக்கிவிட்டது. பத்து நிமிடம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததில் அவருக்கு இன்னும் ஏழு நிமிடம் மிச்சமிருந்தது. வால்வை மூடிவிட்டு வர மூன்று நிமிடம் போதும். அவர் கணக்கில் பிழை இல்லை. அவர் நம்பிய தாளில்தான் பிழை.

இதை உங்களுக்கு எழுதினால் மட்டும் போதாது என்று புரிந்தது. மூன்றாவது சோதனையின் தாளை, நடந்தது இதுதான் என்று ஒரு கடிதத்தோடு, விசாரணைக் குழுவுக்கும் நிலையத்துக்கும் அனுப்பிவிட்டேன். கைக்குக் காயம்பட்டவருக்கும் தனியாக எழுதினேன்.

மேனேஜர் கூப்பிட்டார். "மூணு வருஷம் பேசாம இருந்துட்டு இப்ப எதுக்குங்க? புது நுரை பாஸ் ஆகிற நேரம். உங்க பேர் கெட்டா அதோட பேரும் கெடும்" என்றார்.

"நுரை நல்லா இருக்கு சார். இருபத்தாறு சோதனை. எந்தத் தாள்லயும் எதையும் விடலை. என் பேரை எடுத்துடுங்க. நுரையை விட்டுடாதீங்க."

"அப்ப நீங்க?"

"நான் போயிடறேன்."

அவர் மேசை மேலிருந்த சோதனைத் தாள்களை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்தத் தாளையெல்லாம் வரிசையா அடுக்கிக் கொடுத்துட்டுப் போங்க," என்றார்.

அடுக்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது தீக்குச்சி வாசல் வரைக்கும் வந்தார். "புதுசா வர்றவங்களுக்குக் கொதிக்கிற வெயில்லயும் கட்டாயம் சோதிக்கணும்னு எழுதி வச்சுட்டுப் போங்க. நான் வாயால சொன்னா கேக்க மாட்டாங்க" என்றார். மறுபடி உள்ளே போய் அதை விதிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பெனியில் நான் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

இப்போது அறையில்தான் இருக்கிறேன். தையல்கார அம்மா சட்டைகளில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. விசாரணைக் குழு மறுபடி கூப்பிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். போவேன். இந்தத் தடவை பேசுவேன்.

மருமகள்


ஜூன் 18

அம்மாடி,

இதை எழுத உட்கார்றது இது நாலாவது தடவை.

உன் மே மாசக் கடுதாசியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, காது மிஷினையும் மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல்ல வண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தார், அன்னிக்குத் தீயணைப்பு வண்டி ஓட்டினவர். நான் யாருன்னு சொன்னதும் குழாயைக் கீழ போட்டுட்டார். தண்ணி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வச்சார். நீ அனுப்பின தாளை எல்லாரும் படிச்சிருக்காங்க.

"பெரியவரே, நாங்க அன்னிக்கே சொன்னோம், அவன் அவசரப்படலைன்னு. அறிக்கை வேற மாதிரி இருக்குன்னுட்டாங்க. யாரும் காதுல வாங்கலை" அப்படின்னார்.

நான் கேட்டேன், "உள்ள போறதுக்கு முன்னாடி என்ன பண்ணான்?"

"ரெண்டு தடவை சுத்தி வந்து பார்த்தான். நான்தான் கேட்டேன், 'இன்னும் கொஞ்சம் நுரை அடிக்கட்டுமா?'ன்னு. 'போதும்ணே, இது எங்க வீட்டம்மா பாஸ் பண்ண நுரை, நிக்கும்'னு சிரிச்சான். சிரிச்சிக்கிட்டேதான் போனான்."

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமான்னு பதினஞ்சு நாள் யோசிச்சேன். எழுதினா நீ தாங்க மாட்டே. எழுதலைன்னா நீ என்கிட்ட மறைச்ச மாதிரி நான் உன்கிட்ட மறைச்சவன் ஆவேன். நமக்குள்ள இனிமே அது வேண்டாம்.

அங்கேயிருந்து நடந்தே வந்தேன். மூணு பஸ் போச்சு, ஏறலை. மூணு வருஷமா செத்துப்போன பிள்ளையை ஒவ்வொரு நாளும் திட்டினேன். ஊரே அவனைப் பேசினப்போ அப்பன் நானும் சேர்ந்துக்கிட்டேன். பரண்லேருந்து அவன் சாமானை இறக்கி வச்சிருக்கேன். அவன் தொப்பியைத் தொடைச்சு மேசை மேல வச்சேன். அப்பத்தான் எனக்கு அழுகை வந்துது. அவன் போன அன்னிக்குக்கூட அப்படி அழலை.

உன் மேல கோபம் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இந்த வீட்டுக்கு வான்னு உன்னைக் கூப்பிட இப்ப என்னால முடியலை. முன்னாடி மாதிரி உனக்கு டீ போட்டுக் கொடுக்க என் கை வருமான்னு தெரியலை. எப்ப வரும்னும் தெரியலை. எனக்கும் வயசு எழுபத்தி ரெண்டு. அதுக்குள்ள ஆறுமா, ஆறாமலே போகுமா, யார் கண்டா?

ஆனா நீ அந்தத் தாளை அனுப்பினே. வேலையை விட்டே. முடிவெட்டுற கடைக்கு நேத்து போனேன். முடி வெட்டறதுக்கு இல்லை, சும்மாதான் போனேன். நாற்காலியில உட்கார்ந்து, "என் பையன் சரியாத்தான் பண்ணான்யா"ன்னு சத்தமா சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. அதுக்கு உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

கொஞ்ச நாளைக்கு நான் எழுத மாட்டேன். பதில் வரலைன்னு பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணாதே. நீ எழுது. காஜா எடுக்கறியா, சாப்பிட்டியா, அந்தத் தையல்கார அம்மா ஏதாவது பேசினாங்களா, எதை வேணும்னாலும் எழுது. நான் படிப்பேன். பதினோரு மணிக்குத் தபால்காரர் இந்தத் தெருவுல வர்றார். என் வீட்டு வாசல்ல சைக்கிளை நிறுத்தாமப் போனா, அன்னிக்கு முழுக்க என்கிட்ட பேச வேற யாரும் இல்ல.

மாமா